பேர்மிற்றில் ஒரு பெயர்: வன்னியில் நோய்த்தணிப்பும் வைத்தியசாலைச் சமூகப் பணியாளரும்

இலங்கை அரச வைத்தியசாலையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் கட்டணம் கட்டுவதில்லை. சத்திரசிகிச்சை, கதிர் மருத்துவம், ஊசி மருந்து, கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அரசின் பொறுப்பு. 2022இன் நெருக்கடியில் சில மருந்துகளை வெளியே வாங்கிவரச் சொன்ன நாட்கள் இருந்தன. ஆனாலும் கொள்கை இன்றும் அதுதான். முல்லைத்தீவில் ஒருவருக்குக் கதிர் மருத்துவம் வேண்டுமென்றால் வடக்கில் அவர் போகவேண்டிய இடம் தெல்லிப்பழை. பரந்தனுக்கு வந்து, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து வடக்கே ஏறவேண்டும். ஒருவழிக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றர். கதிர் மருத்துவம் பெரும்பாலும் கிழமைக்கு ஐந்து நாளாகப் பல கிழமைகள் நீளும். நோயாளியோடு ஒருவர் போகவேண்டும். போகிறவர் கூலிவேலைக்காரர் என்றால் அன்றைய கூலி இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். பஸ்காசு, தங்குமிடம், கடன்காரரின் தவணை, அறுவடைக்கு நிற்கும் வயல் என்று கணக்கு வளர்ந்துகொண்டே போகும்.

கிளினிக் கொப்பியில் இந்தக் கணக்கு ஏறுவதில்லை. ஒருநாள் "நோயாளி வரவில்லை" என்ற வரி மட்டும் ஏறும்.

அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று விசாரிப்பதைத் தன் முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் வைத்தியசாலைக்குள் வேண்டுமா? உலகின் பல நாடுகளில் அவருக்கு வைத்தியசாலைச் சமூகப் பணியாளர் என்று பெயர். குணப்படுத்த முடியாத நோயோடு இருப்பவருக்கு வலியைத் தணித்து, எஞ்சிய காலத்தை மரியாதையோடு வாழவைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையில் அவர் இன்றியமையாதவர் என்று பாடநூல்கள் சொல்கின்றன. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களை முன்வைத்து இந்தக் கூற்றைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மூன்றிலும் சேர்ந்து நான்கு இலட்சத்துக்கும் குறைவான மக்களே இருந்தார்கள். தொகை சிறியது. ஆனால் ஒரு மனிதர் நோயோடு சாவை நோக்கிப் போகும்போது, அவருடைய நோயல்லாத மற்றெல்லாம் எவ்வளவு கனமாக இருக்க முடியும் என்பதை அறிய இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கடினம்.

வாசலில் இருந்தவர் கட்டிலுக்கு வந்த கதை

வைத்தியசாலைச் சமூகப் பணி என்ற தொழிலின் பிறப்பு அவ்வளவு கருணையானதல்ல. 1895இல் இலண்டன் றோயல் ஃபிறீ வைத்தியசாலை மேரி ஸ்ரூவேர்ட் என்ற பெண்ணை 'அல்மனர்' என்ற பதவியில் அமர்த்தியது. தர்மம் பங்கிடுபவர் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். இலவச மருத்துவம் தேடி வருகிறவர்களில் உண்மையில் வசதியற்றவர் யார், காசு இருந்தும் இல்லையென்று சொல்பவர் யார் என்று பிரித்தறிவது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வாசலில் இருத்தப்பட்டவர் நோயாளிகளின் கதையைக் கேட்கத் தொடங்கினார். மருந்தைக் கொடுத்து அனுப்பினாலும் வீட்டில் சோறு இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யாது என்பதை அந்த மேசையிலிருந்து பார்ப்பது எளிது. 1905இல் அமெரிக்காவின் பொஸ்ரனில் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் றிச்சர்ட் கபொற் என்ற வைத்தியர் இதே காரணத்துக்காகச் சமூகப் பணியாளரைத் தன் பிரிவுக்குள் கொண்டுவந்தார்.

1948இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை வந்தது. சிகிச்சை எல்லோருக்கும் இலவசமாயிற்று. வசதியை விசாரிக்கும் வேலை போயிற்று, ஆனால் அல்மனர் போகவில்லை. அரை நூற்றாண்டில் அவருடைய மேசைக்கு வந்து சேர்ந்த மற்ற வேலைகள் அவரை வைத்துக்கொள்ளப் போதுமானவையாக இருந்தன.

அதே 1948இன் தொடக்கத்தில் இலண்டனில் ஓர் அல்மனர், சாகக் கிடந்த ஒரு நோயாளியின் பக்கத்தில் அடிக்கடி போய் இருந்தார். அவர் சிசிலி சோண்டர்ஸ். முதலில் தாதியாகப் பயின்றவர். முதுகு நோவால் அந்த வேலையைத் தொடர முடியாமல் அல்மனர் ஆனவர். நோயாளி டேவிட் தஸ்மா, வோர்சோவிலிருந்து வந்த யூதர், நாற்பது வயதளவில் புற்றுநோய். இலண்டனில் அவருக்கென்று உறவு யாரும் இல்லை. தன் வாழ்வு எந்தத் தடமும் வைக்காமல் முடிகிறதே என்பதுதான் அவருடைய பெரிய வேதனை. தன்னிடமிருந்த 500 பவுணை, சோண்டர்ஸ் என்றாவது கட்டப்போகும் இல்லத்தில் ஒரு யன்னலாக இருக்கட்டும் என்று அவர் விட்டுச்சென்றார். சோண்டர்ஸ் பிறகு மருத்துவம் படித்து வைத்தியரானார். 1967இல் இலண்டனில் சென் கிறிஸ்ரோபர் இல்லத்தைத் திறந்தார். நவீன நோய்த்தணிப்பு மருத்துவம் அங்கிருந்து கணக்கிடப்படுகிறது. உடல்வலி, மனவலி, சமூகவலி, ஆன்மவலி ஆகிய நான்கும் ஒரே ஆளுக்குள் ஒன்றாகத்தான் நோகின்றன என்ற 'முழுவலி' என்னும் அவருடைய கருத்து இன்று எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அந்தக் கருத்துக்கான விதை ஓர் அல்மனரின் கதிரையில் விழுந்தது என்பதைப் பாடநூல்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை.

இலங்கையின் கதை இங்கே வேறு வழியில் போயிருக்கிறது. நம் அரச வைத்தியசாலையின் வாசலில் வசதி விசாரிக்கும் ஆளுக்கு அவசியம் இருக்கவில்லை. அது பெருமைக்குரியதுதான். ஆனால் வாசலில் ஆள் இல்லாததால், அந்த ஆள் காலப்போக்கில் கட்டிலடிக்கு நகர்ந்து வரும் வாய்ப்பும் இல்லாமற் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. சமூகப் பணிக் கல்வி நாட்டுக்குப் புதிதல்ல. 1952இல் தொடங்கிய சமூகப் பணிப் பயிற்சி இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் பட்டப்படிப்பாக வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அரச வைத்தியசாலைக்குள் சமூகப் பணியாளர் என்றால் அவர் பெரும்பாலும் மனநலப் பிரிவைச் சேர்ந்தவராகவே இருக்கிறார். புற்றுநோய் விடுதியிலும் சிறுநீரகக் கிளினிக்கிலும் அந்தக் கதிரை வெறுமையாக இருக்கிறது, அல்லது வேறொருவர் ஓடிவந்து அரைமணி நேரம் அதில் இருந்துவிட்டுப் போகிறார்.

வன்னியில் சமூகவலி என்றால் என்ன?

பாடநூலில் 'சமூகவலி' என்ற தலைப்பின் கீழ் வருமானம், குடும்பம், வீடு, வேலை என்று பட்டியல் இருக்கும். வன்னியில் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

வீட்டை எடுத்துக்கொள்வோம். சாகும்போது சொந்த வீட்டில் சாகவேண்டும் என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லோருடைய விருப்பம். எந்த வீடு? முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் காணிகளில் இராணுவ முகாம் இருந்ததால் மாதிரிக் கிராமத்தில் குடியேற்றப்பட்டு, 2017இல் தெருவோரத்தில் இருந்து தொடர்ந்து போராடினார்கள். ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது, ஒரு பகுதிக்காகக் காத்திருப்பு நீண்டது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு முதியவர் "என்னை வீட்டை கொண்டுபோங்கோ" என்று கேட்டால், அவரை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு வைத்தியரிடம் பதில் இல்லை.

இடமாற்றம் என்ற சொல்லும் அப்படித்தான். கிளிநொச்சியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஒரு நோயாளியைத் தெல்லிப்பழைக்கு, அநுராதபுரத்துக்கு, மகரகமைக்கு அனுப்புவது வைத்தியசாலைக்கு அன்றாட நிர்வாகம். ஆனால் போரின் இறுதி மாதங்களில், 2009 பெப்ரவரி முதல் மே வரை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு புதுமாத்தளன் கரையிலிருந்து கப்பலில் காயக்காரரையும் நோயாளரையும் அவர்களோடு சென்றவர்களையுமாகச் சுமார் 14,000 பேரை வெளியேற்றியது. உயிர் காத்த பயணம் அது. அதே பயணம் பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி கப்பலில், மறு பாதி கரையில். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரிடம் "உங்களை வேற ஆசுப்பத்திரிக்கு அனுப்பப் போறம், ஒராள் மட்டும் கூட வரலாம்" என்று சொல்லும்போது அவருடைய கண்ணில் என்ன ஓடுகிறது என்பதை அறிந்தவர் சொல்லும் விதமே வேறாக இருக்கும்.

பிறகு உடம்பு. போரின் உலோகத் துண்டுகளைச் சுமந்தபடி வாழும் பலர் இங்கே இருக்கிறார்கள். பழைய தழும்பைப் பற்றி வைத்தியர் கேட்பது நோயறியத்தான். ஆனால் போருக்குப் பின் அரச புனர்வாழ்வு முகாம்கள் ஊடாக வந்த ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளில் ஒருவருக்கு அந்தக் கேள்வி வேறு ஓர் அறையில், வேறு ஒருவர் கேட்டதை நினைவூட்டக்கூடும். அவர் "விழுந்தது" என்று சொல்லி முடித்துவிடுவார். தன் வரலாற்றை மறைக்கும் நோயாளிக்கு வலி மருந்தின் அளவைக் கணிப்பதுகூடக் கடினம். தான் சொல்வது எங்கே எழுதப்படும், யார் பார்ப்பார்கள் என்று தெளிவாக விளக்கி, எழுதத் தேவையில்லாததை எழுதாமல் விடும் ஒருவர் அவருக்குத் தேவை.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் தனி மனங்களை மட்டுமன்றிக் குடும்பம், அயல், நம்பிக்கை ஆகியவற்றையும் சேர்த்துக் காயப்படுத்தியது என்று நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். கூட்டு மனவடு என்பது அவர் இதற்குப் பயன்படுத்தும் கருத்து. நோய்த்தணிப்புக்கு இது நேரடியாகப் பொருந்தும். சாவின் அருகே மனிதரைத் தாங்குபவை குடும்பமும் அயலும் நம்பிக்கையும்தான். அந்தத் தாங்கிகளே காயம்பட்டிருந்தால் வைத்தியசாலை அவற்றை இருப்பதாக எடுத்துக்கொண்டு திட்டமிட முடியாது.

ஒரு தாய், ஒரு பேர்மிற்

இதெல்லாம் ஒரே முடிச்சில் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க ஒரு தாயைக் கற்பனை செய்வோம். அறுபத்தைந்து வயது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய், முற்றிய நிலை. முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் கணவருக்குக் கிடைத்த பேர்மிற் காணி, அதாவது அரசு உத்தரவுப் பத்திரத்தின் மூலம் கொடுத்த காணி, கணவருக்குப் பின் அவருடையது. மூத்த மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. ஒரு மகள் கூட இருந்து பார்க்கிறாள். வலிக்கு மோர்பின் குளிசை கொடுக்கப்படுகிறது. வலி எவ்வளவு என்று கேட்டால் குறைந்துவிட்டது என்கிறார். இரவில் மட்டும் தூங்குவதில்லை. குளிசையின் அளவைக் கூட்டினாலும் தூங்குவதில்லை.

அவர் உண்மையில் ஒரு காகிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை நினைத்தபடி பிரித்து எழுதிக்கொடுக்க முடியாது. உரித்தாளர் தமக்குப் பிறகு யாருக்கு என்று ஒரு பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கவேண்டும். அந்த நியமனம் அவர் இறப்பதற்கு முன் பதிவாகியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணை முடிவு செய்யும். அந்த அட்டவணை பல பத்தாண்டுகளாக ஆண்பிள்ளையை முன்னே நிறுத்தியது. 2022இன் திருத்தமே அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இந்தத் தாயின் பேர்மிற்றில் பின்னுரித்தாளராக இருப்பது மகனின் பெயர். மகள் கையில் காணி போகவேண்டுமென்றால் அந்தப் பெயரை வெட்டவேண்டும்.

பெயரை வெட்டுவது என்றால் அந்தத் தாய்க்கு என்ன பொருள்? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பிள்ளையைப் பற்றி ஒரு பதிலும் கிடைக்காமலே அதில் பங்குபற்றிய பெற்றோர் பலர் இறந்திருக்கிறார்கள். மரணச் சான்றிதழை வாங்கினால் பிள்ளை இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுத்த தாய்மார் ஏராளம். ஒருவரை இறந்தவர் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டத்தில் இடம் வந்ததே இந்த மறுப்பின் காரணமாகத்தான். காணிப் பத்திரத்திலிருந்து பெயரை வெட்டுவதும் அவருக்கு அதே ஒப்புதல்தான். வெட்டாமல் இறந்தால் மகள் தெருவில். வெட்டிவிட்டு இறந்தால் மகனைத் தானே சாகக் கொடுத்தவராகிவிடுவார். மோர்பின் இதைத் தொடாது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் பொறுப்பு இன்று யாருக்கும் இல்லை. காணி உத்தியோகத்தருக்குப் பேர்மிற் தெரியும், புற்றுநோய் தெரியாது. வைத்தியருக்குப் புற்றுநோய் தெரியும், பேர்மிற்றைப் பற்றிக் கேட்க நேரமில்லை. காணாமற்போனோர் அலுவலகம் மகனைப் பற்றிக் கேட்கும். தாய்க்கு எத்தனை கிழமை இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. மகளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அம்மாவிடம் கேட்க வாய் வராது. பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளர் இங்கே செய்வது பெரிய அற்புதம் எதுவுமல்ல. நாலைந்து நாள் கட்டிலடியில் இருந்து பேசுவார். மகனைப் பற்றி அந்தத் தாய் தாமாகப் பேசும் வரை காத்திருப்பார். பின்னுரித்தாளரை மாற்றுவது மகனைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் அல்ல என்று விளங்கவைப்பார். அண்ணன் வந்தால் அவனுக்கும் பாதி என்று மகள் ஒரு கடிதம் எழுதித் தாயின் தலையணைக்குக் கீழ் வைக்கலாம் என்று வழி சொல்வார். சட்டத்தில் அந்தக் கடிதம் நிற்காது. தாயின் மனத்தில் நிற்கும். பிறகு பிரதேச செயலகத்தோடு பேசி, ஓர் அலுவலரைக் கட்டிலடிக்கே வரவழைக்க முயல்வார். சோண்டர்ஸ் முழுவலி என்று சொன்னது, முத்தையன்கட்டில் இந்த உருவம் எடுக்கும்.

சொல்லாதேங்கோ

கட்டிலடியில் இன்னொரு வேலையும் உண்டு. வன்னியில் மட்டுமன்றித் தமிழ் உலகம் எங்கும் அது ஒரே மாதிரித்தான். "ஆளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று விடுதி வாசலில் வைத்து உறவுக்காரர் வைத்தியரைக் கேட்டுக்கொள்வார்கள். நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'அந்த வருத்தம்' என்பார்கள். உள்ளே நோயாளிக்கு அது ஏற்கனவே தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்கள் என்று அவரும் மறைப்பார். இரண்டு பக்கமும் அன்பினால் பொய் சொல்லும். அதன் விலை, சொல்லப்படவேண்டிய எதுவும் சொல்லப்படாமல் நாள் போய்விடுவது.

இதற்குக் குடும்பச் சந்திப்பு என்று ஒரு முறை இருக்கிறது. வைத்தியர், தாதி, குடும்பத்தினர், விரும்பினால் நோயாளி ஆகியோரைச் சமூகப் பணியாளர் ஓர் இடத்தில் இருத்துகிறார். உறவுகளிடம் முதலில் கேட்பது: அவருக்கு ஏற்கனவே எவ்வளவு தெரியும் என்று நினைக்கிறீர்கள்? நோயாளியிடம் கேட்பது: உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், யாரிடம் நாங்கள் பேசுவது உங்களுக்கு விருப்பம்? உண்மையை ஒரே மூச்சில் கொட்டுவது இதன் நோக்கமல்ல. யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று அறிந்து, அந்த அளவில் கதவைத் திறப்பதே. வட்டாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைத்த நேர்த்தி இன்னும் மிச்சம் இருக்கிறது என்பது போன்ற ஒரு செய்தி இப்படிப்பட்ட பேச்சில்தான் வெளிவரும். வைகாசிப் பொங்கல் வரை ஆள் இருக்கமாட்டார் என்றால் முன்கூட்டியே ஒருநாள் அழைத்துப்போகலாமா என்று யோசிக்கவும் முடியும்.

தாய் சாகும் தறுவாயில், தகப்பன் ஏற்கனவே இல்லாத வீடுகளில் இன்னொரு பேச்சும் தேவைப்படுகிறது: பிள்ளைகளை யார் பார்ப்பது. நன்னடத்தை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சாவுக்குப் பின் வந்தால், பிள்ளை போகும் இடத்தை அந்நியர் முடிவு செய்வார்கள். முன்னமே வந்தால் தாயே முடிவு செய்வார். தான் இல்லாத காலத்தைத் தானே ஒழுங்குசெய்துவிட்டுப் போகும் அந்த ஆறுதலை எந்த மருந்துப் பெட்டியிலும் எடுக்க முடியாது.

கேரளத்தின் விடையும் குழுக்கடனும்

நோய்த்தணிப்பைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்து உதாரணம் கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் சேர்ந்து தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சங்கத்திலிருந்து, மலப்புரத்தில் அயல்வீட்டார் தாங்களே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலையமைப்பு வளர்ந்தது. சாதாரண ஊர்மக்கள் பயிற்சி பெற்றார்கள், சில்லறைக் காசு சேர்த்தார்கள், நோயாளியின் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனார்கள். 2008இல் கேரள அரசு இதை ஒட்டி நோய்த்தணிப்புக் கொள்கையை அறிவித்தது. சமூகப் பணியாளர் செய்யவேண்டியதில் பெரும்பகுதியை அங்கே அயல் செய்கிறது.

வன்னியிலும் அயல் உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம் எல்லாம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. செத்தவீட்டுக்குப் பந்தல் போட ஊரே வரும். ஆனால் போருக்குப் பின் வந்த நுண்கடன் அந்த அயலுக்குள் ஒரு கணக்கைப் புகுத்தியது. குழுக்கடனில் ஒரு பெண் வாங்கும் கடனுக்கு அவளுடைய குழுவிலுள்ள மற்றப் பெண்கள் பிணை. அவள் கட்டாவிட்டால் அவர்கள் கட்டவேண்டும். வடக்கில் இதன் நெருக்கடி எவ்வளவு ஆழமாகப் போனதென்றால், 2018இல் அரசே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது. இப்போது அந்தக் குழுவில் ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் வந்தால் என்ன ஆகும்? அரிசி கொண்டு வரவேண்டிய அதே பக்கத்து வீட்டுக்காரி, தவணைக்காகத் தானே கவலைப்படுபவளாகிறாள். வெட்கத்தில் நோயாளி கதவைச் சாத்திக்கொள்கிறாள், தர்மசங்கடத்தில் பக்கத்து வீட்டுக்காரியும் வராமல் விடுகிறாள். கேரளத்தின் அயல் முறையை வன்னிக்குக் கொண்டுவருவதற்கு முன் யாராவது அந்தக் கடனைப் பேசித் தீர்க்கவேண்டும்: நிறுவனத்தோடு தவணையை ஒத்திவைக்கப் பேசவேண்டும், காப்புறுதி இருந்தால் தேடிப் பார்க்கவேண்டும், குழுவைக் கூட்டி இருத்தவேண்டும். ஆகவே இங்கே அயல் வேலைசெய்யத் தொடங்குவதற்கே தொழில்முறைச் சமூகப் பணியாளர் ஒருவர் முதலில் வேலைசெய்தாக வேண்டியிருக்கிறது.

புற்றுநோய்க்கு வெளியே

நோய்த்தணிப்பைப் புற்றுநோயோடு மட்டும் கட்டிவிடுவதும் தவறு. காரணம் முழுதாக விளங்காத நீண்டகாலச் சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தோடு நின்றுவிடாமல் வவுனியாவின் விவசாயக் கிராமங்களுக்குள்ளும் பரவியிருக்கிறது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஒரு வயற்காரருக்கு வயலும் போய், வேலையும் போய், குடும்பத்துக்குத் தான் ஒரு சுமை என்ற எண்ணம் மிஞ்சும். சிறுநீரக நோயாளருக்கு அரசு மாதக் கொடுப்பனவு வழங்குகிறது. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தியது. ஆனால் படிவம் நிரப்பி, மருத்துவ அறிக்கை வாங்கி, பிரதேச செயலகத்துக்குப் போய்வர, உடம்பில் பலமில்லாத அவரால் முடிகிறதா என்பது தனிக் கேள்வி.

முள்ளந்தண்டு வடம் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கமின்றி வாழ்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொல்லும். கவனமான பராமரிப்பு பல பத்தாண்டு வாழவைக்கும். மாங்குளத்தில் இயங்கும் 'உயிரிழை' அவர்கள் தங்களுக்காகத் தாங்களே உருவாக்கிய அமைப்பு. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் அதே நிலையில் புதிதாக விழுந்தவரைப் பார்க்க வரும்போது, எந்தப் பட்டதாரியாலும் சொல்ல முடியாததைச் சொல்ல முடிகிறது. வன்னிக்குரிய சமூகப் பணியின் வடிவம் எப்படி இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இதுதான்: பட்டம் பெற்றவரும் பட்டறிவு பெற்றவரும் ஒரே விடுதிக்குள்.

ஒரு கதிரையின் அளவு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுதோறும் 5 கோடி 68 இலட்சம் பேருக்கு நோய்த்தணிப்புத் தேவை; கிடைப்பது சுமார் 14 சதவீதத்தினருக்கே. 2014இல் உலக சுகாதார மன்றம் நோய்த்தணிப்பை ஒவ்வொரு நாட்டின் சுகாதார முறைக்குள்ளும் சேர்க்கும்படி தீர்மானம் எடுத்தது. இலங்கையும் 2019 முதல் 2023 வரையிலான தேசிய உபாயச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபவனியில் நாடு முழுவதிலும் இருந்து பணம் சேர்ந்தது. ஆக, கொள்கையும் கட்டடமும் நல்ல மனமும் ஓரளவு இருக்கின்றன.

ஆட்களும் இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் வடக்கில் பல இளைஞர் யுவதிகள் உளசமூகப் பணிக்குப் பயிற்றப்பட்டார்கள். வீடு வீடாகப் போய், அழுகிறவர் பக்கத்தில் இருந்து, யாரை எங்கே அனுப்புவது என்று கற்றவர்கள் அவர்கள். பலருடைய வேலை திட்டநிதியோடு வந்தது, நிதி முடிந்ததும் போனது. இன்று அந்த வேலையைச் செய்வோர் உதிரியாக இருக்கிறார்கள்: மருந்து கொடுத்து முடித்து ஐந்து நிமிடம் கட்டிலடியில் நின்று பேசும் தாதி, தன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் சமூக சேவை உத்தியோகத்தர், நோயாளியின் குடும்பத்தை நேரில் தெரிந்த கிராம அலுவலர், கோயில் ஐயர், பங்குத்தந்தை. ஒவ்வொருவரும் நூலின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். எல்லா முனையையும் ஒரு கையில் எடுத்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லப்படவில்லை.

அந்த ஒருவருக்குத் தேவைப்படுவது மிகச் சிறியது. மாவட்டப் பொது வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் ஒரு நிரந்தரப் பதவி. கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, ஏனென்றால் நடைபாதையில் நின்று யாரும் காணாமற்போன மகனைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஒரு தொலைபேசி, ஏனென்றால் நோயாளியின் பாதி வாழ்க்கை பிரதேச செயலகத்தில் கோப்பாக இருக்கிறது. வீட்டுக்குப் போக எரிபொருள். அநுராதபுரத்திலோ மகரகமையிலோ சிங்களத்தில் எழுதப்பட்ட அறிக்கையை நோயாளிக்கு விளக்கும் மொழியறிவு. அந்தப் பணியாளரின் மனத்துக்கும் ஓர் இடம் வேண்டும். அவரும் அதே மண்ணில், அதே 2009இலிருந்து வந்தவராக இருக்கக்கூடும். கேட்கும் ஒவ்வொரு கதையும் அவருடைய சொந்தக் கதையின் மேல் விழும். மாதம் ஒருமுறை அவர் சொல்வதைக் கேட்க ஒரு மூத்தவர் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டில் அவர் விட்டுப்போவார், நாம் மறுபடி ஆள் தேடுவோம்.

வைத்தியசாலை நிர்வாகத்துக்கு இதன் பலனைக் காட்டுவது கடினம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிளினிக் கொப்பியில் "நோயாளி வரவில்லை" என்று எழுதும் இடத்தில், ஏன் வரவில்லை என்று இன்னொரு வரி எழுத ஒருவர் இருக்கட்டும். மூன்று மாதம் அந்த வரிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். "பஸ்காசு இல்லை." "மருமகள் பிள்ளைப்பேறு, ஆள் இல்லை." "கடன்காரர் வீட்டுக்கு வந்தார்கள்." "பேர்மிற்றில் மகனின் பெயர் இருக்கிறது." எந்த நோய்க்கு எந்த மருந்து என்பது போல, எந்தக் காரணத்துக்கு எந்த அலுவலகம் என்பதும் அதிலிருந்தே தெரியவரும்.